லிமெரிக்கிலிருந்து ஒரு குரல்

கேள்வி: ஆல்டர்நேட்டிவ் ராக் என்றாலே கத்தல்தானே?

பதில்: டோலோரஸ் ஓ'ரியார்டன் பாடியதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கிரான்பெரீஸ் குழுவின் பாடகி. 'லிங்கர்' பாட்டில் காதோரம் முணுமுணுக்கும் அதே தொண்டைதான் 'ஸாம்பி'யில் கிடாரையும் மிஞ்சி உறுமுகிறது.

கேள்வி: பாடும்போது குரல் திடீர் திடீரென்று உடைகிறதே, பயிற்சி போதவில்லையா?

பதில்: உடைவதுதான் அழகே! நெஞ்சுக் குரலிலிருந்து உச்சிக்குத் தாவும்போது விழும் விரிசல் அது. அயர்லாந்தில் அந்தக் காலத்தில் சாவு வீட்டுப் பெண்கள் 'கீனிங்' என்று ஒன்று பாடுவார்கள். நம் ஒப்பாரிக்கு ஒன்றுவிட்ட அக்காள். அந்தச் சாயலை இவர் குரலில் கேட்கிறேன். தேவாலயத்தில் பாடி, ஆர்கன் வாசித்து வளர்ந்தவர். அயர்லாந்தின் லிமெரிக் பக்கத்துப் பேச்சு வாடையைப் பாட்டிலும் விடவில்லை.

கேள்வி: புகழ் ஒரே நாளில் வந்ததா?

பதில்: இல்லை. லிமெரிக்கில் 1989-இல் தொடங்கிய குழு. முதல் பாடகர் விலகிக்கொள்ள, 1990-இல் இவர் வந்தார். வயது 18. பையன்கள் கொடுத்த மெட்டுக்கு இவர் சொல் கோத்து எடுத்து வந்ததுதான் 'லிங்கர்'. 1993-இல் வந்த முதல் ஆல்பத்தைப் பிரிட்டன் முதலில் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் ஸ்வேட் குழுவுக்கு முன்னால் மேடையேறப் போனார்கள். எம்டிவி 'லிங்கரை'ப் பிடித்துக்கொள்ள, அங்கே அது முதல் பத்துக்குள் நுழைந்தது. அதன் பிறகே, 1994-இல், பிரிட்டனில் அந்த ஆல்பம் முதலிடம் ஏறியது. உள்ளூர் மாடு விலைபோகாது என்பது அங்கேயும் உண்மை.

கேள்வி: 'ஸாம்பி' பேய்ப் பாட்டா?

பதில்: பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கான பாட்டு. 1993 மார்ச் 20 அன்று இங்கிலாந்தின் வாரிங்டனில், கடைவீதிக் குப்பைத்தொட்டிகளில் ஐஆர்ஏ என்ற அயர்லாந்து ஆயுதக்குழு வைத்த குண்டுகள் வெடித்தன. மூன்று வயதுக் குழந்தை ஒன்று அங்கேயே இறந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் சில நாள் கழித்து. அயர்லாந்துக்காரி ஒருத்தி, 'இதை எங்கள் பெயரில் செய்யாதீர்கள்' என்கிற கோபத்தோடு சொல்லும் மெட்டும் தானே எழுதினாள். அயர்லாந்து வரலாறு தெரியாமல் எழுதிவிட்டார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. செத்துக் கிடக்கும் குழந்தைக்காக அழ எந்த வரலாற்றைப் படித்துவிட்டு வரவேண்டும்? 'ஸாம்பி' ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது.

கேள்வி: அவ்வளவு புகழில் நிம்மதியாக இருந்தாரா?

பதில்: இல்லை. 1996-இல் இவர் உடல் தளர்ந்ததால் குழுவினர் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். தனக்கு இருமுனை மனநோய் இருப்பதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். 2018 ஜனவரி 15, லண்டன் ஓட்டல் அறையில், மது மயக்கத்தில் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். விபத்து என்றது விசாரணை. வயது 46. பேட் உல்வ்ஸ் குழு புதிதாகப் பாடிய 'ஸாம்பி'யில் குரல் சேர்க்க லண்டன் வந்திருந்த நேரம் அது.

கேள்வி: இப்போதும் யாராவது கேட்கிறார்களா?

பதில்: 2023 ரக்பி உலகக் கோப்பையில், தென்னாப்பிரிக்காவை வென்ற இரவு, பாரிஸ் மைதானத்தில் அயர்லாந்து ரசிகர்கள் திரண்டு பாடியது 'ஸாம்பி'தான்.

கேள்வி: புதிதாகக் கேட்பவன் எதில் தொடங்கலாம்?

பதில்: 'ட்ரீம்ஸ்'. வோங் கார் வாயின் 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' படம் பார்த்தவரென்றால் மெட்டு ஏற்கெனவே தெரியும்; ஃபே வோங் கான்டனீஸில் பாடியிருப்பார். அடுத்து 'லிங்கர்'. 'ஸாம்பி'யை மட்டும் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள்.