ஃபாஸ்ட்டால் வந்த வினை

வைகுண்ட ஏகாதசி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். மாலையில் தாம்பரத்தில் செங்கல்பட்டு ஃபாஸ்ட்டில் ஏறினேன். சொர்க்கவாசல் கூட்டத்தில் கிடைக்காத இடம் ரயிலில் ஜன்னலோரமாகவே கிடைத்தது. பொத்தேரி வந்தது நினைவிருக்கிறது. அடுத்த ஸ்டேஷன் காட்டாங்குளத்தூர். நான் இறங்க வேண்டியது. கண் விழித்தபோது போர்டில் சிங்கப்பெருமாள் கோயில்! பெருமாள்தான் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் வெளியே வந்ததும் முதலில் எதிர்ப்பட்டது பஜ்ஜிக் கடை.

வீட்டு வாசலிலேயே விசாரணை.

“என்னங்க, ஏகாதசியும் அதுவுமா வெங்காய வாசனை வருது?”

“பிரேக்ஃபாஸ்ட் ஆயிடுச்சு.”

“ராத்திரி எட்டு மணிக்கா?”

“ஃபாஸ்ட்டை எப்ப பிரேக் பண்ணாலும் அது பிரேக்ஃபாஸ்ட்தான்.”

“நம்ம ஊர்ல அதுக்குப் பேரு பாரணை. துவாதசியன்னிக்குக் காலையில பண்ணணும்.”

அகராதியிடம் அடைக்கலம் புகுந்தேன். பழைய ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்றால் உறுதி, அசையாமை. விடாப்பிடியாக ஓடுவதைச் சொல்லப்போய், வேகம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. விரதத்தில் பிடித்த பிடியை விடாததும் ஃபாஸ்ட். ரயில் பெட்டியில் நான் அடித்துப்போட்டாற்போலத் தூங்கியதும் ஃபாஸ்ட். சாயம் போகாத துணியும் ஃபாஸ்ட் கலர். போன தீபாவளிக்கு அப்படிச் சத்தியம் செய்து ஒரு கடைக்காரர் தலையில் கட்டிய சிவப்புச் சட்டை, முதல் தண்ணியிலேயே என் நாலு வேட்டியையும் ரோஸ் ஆக்கிவிட்டது. ஃபாஸ்ட் கலர்தான், போவதில்.

வெள்ளைக்காரன் மொழியே இப்படித்தான் என்று சிரிக்க வாயெடுத்தேன், தமிழ் தடுத்துவிட்டது. நோன்புக்குப் பக்கத்து வீடுதான் நோன்மை. வலிமை, பொறுத்தல் என்று அதற்குப் பொருள். நம்மவர்களும் பட்டினிக்குள் உறுதியைத்தான் வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியரோ ‘கடி’ என்ற ஒரே உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருளை அடுக்குகிறார். காப்பும் அதில் உண்டு, விரைவும் உண்டு. போதாதென்று ஐயம், கரிப்பு என்று இன்னும் இரண்டைச் சேர்க்கிறார்.

இதையெல்லாம் மனைவியிடம் மூச்சுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க பஜ்ஜியைக் கடிச்சது பதிமூணாவது பொருளா?” என்றாள்.

ஆகவே, காட்டாங்குளத்தூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபாஸ்ட் இருக்கும் நாளில் ஃபாஸ்ட்டில் ஏறாதீர்கள். ஏறினாலும் உட்காராதீர்கள்.