லீலாவைத் தேடி ஒருவன் வந்த ஊர்

எங்கள் ஊரின் பெயரைத் தலைப்பில் தாங்கிய ஒரு கதை மலையாளத்தில் இருக்கிறது: எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘கடுகண்ணாவ: ஒரு யாத்திரைக் குறிப்பு’. அதற்கு முன்கதை ‘நின்றெ ஓர்மைக்கு’. இலங்கையில் தொழில் பார்த்த தகப்பன், சிங்களம் பேசும் லீலா என்ற சிறுமியைக் கேரளத்து வீட்டுக்குக் கூட்டிவருகிறார். அவருக்குப் பிறந்தவள்தானோ என்று வீடு சந்தேகிக்கிறது. சண்டை முற்றி, அவளைத் திரும்பக் கொண்டுபோகிறார். அவள் நினைவாக அவருடைய சிறுவயது மகனிடம் ஒரு ரப்பர் ஆந்தை மிஞ்சுகிறது. வளர்ந்து பத்திரிகையாளனான பிறகு, அவளைத் தேடி அவன் கடுகண்ணாவைக்கு வருகிறான். 2024இல் மம்மூட்டி நடித்துப் படமாகவும் வந்தது.

படித்த எனக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் என் அப்பாயிதான் கண்ணில் நின்றாள்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதிக்கொண்டது. எழுபதுகளில் கண்டியிலிருந்து தலைமன்னாருக்குப் போனவர்களின் கோச்சி எங்கள் ஸ்டேஷனைத் தாண்டித்தான் கணவாயில் இறங்கும். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர். அப்பாயியின் தம்பி குடும்பமும் அதில் போனது. பிறந்த மண்ணிலேயே நம்மை அந்நியராக்கிவிட்டார்கள் என்று அப்பாயி சாகும்வரை சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அதே அப்பாயி, என் சித்தப்பா கட்டிய சிங்களப் பெண்ணை வாசற்படி ஏறவிடவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்களுடைய மகள் மட்டும் வருவாள். வாழையிலையால் மூடிய தட்டில் கவும், கொக்கிஸ் பலகாரங்கள், இரண்டு கதலிப்பழம். அப்பாயி வாங்கிக்கொள்வாள், ‘சாப்பிட்டியா’ என்றும் கேட்பாள். பிள்ளை தெருமுனை திரும்பியதும் தட்டோடு கொல்லைப்பக்கம் போய்க் கோழிகளுக்குக் கொட்டிவிடுவாள். தட்டைத் திருநீறு போட்டுத் தேய்த்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வீட்டில் யாரும் அதை ஒரு விஷயமாகவே பேசியதில்லை.

எம்.டி. தன் கதையில் அந்தச் சிறுவனின் தாயைக் கொடுமைக்காரியாக எழுதவில்லை. அவளுக்கும் ஆறாத காயம் உண்டு. இந்த இடத்தில்தான் கதை என்னைப் பிடித்தது. இன ஒற்றுமைக் கூட்டங்களில் நான் எப்போதும் அடிபட்டவர்களின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமை எங்களுக்கு உண்டு. இந்தக் கதையோ என்னைக் கதவைச் சாத்திய வீட்டுக்குள் உட்காரவைத்தது. அடிபட்ட கையும் கதவைச் சாத்திய கையும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதை எந்த மேடையும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது ஸ்டேஷன் பக்கத்தில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்கள் வண்ணம் பூசி நிற்கின்றன, பிள்ளைகள் ஏறிப் படம் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கொக்கிஸ் பாக்கெட் பாக்கெட்டாகக் கடையிலிருந்து வருகிறது, எல்லாரும் சாப்பிடுகிறார்கள். போன மாதம் தம்பி மகள் ஒரு சிங்களப் பையனைச் சொன்னாள். ‘பையன் தங்கமானவன்தான், ஆனா...’ என்று தம்பி இழுத்தான். அந்த ‘ஆனா’வை எனக்கு நன்றாகத் தெரியும், அப்பாயியின் குரலேதான் அது.

பேச்சு இன்னும் முடியவில்லை. சித்திரைக்குப் பையனின் அம்மாவும் அப்பாவும் கேகாலையிலிருந்து வருகிறார்கள். நான்தான் அழைத்தேன், மதியச் சாப்பாட்டுக்கு.