32 ஓட்டைக் கப்பல்

படகு கட்டுகிற ஆசாரிக்கு ஊரில் பெயர் நிற்பது ஒரே காரணத்துக்காக: அவர் கட்டினால் தண்ணீர் ஒழுகாது. அப்படியிருக்க, ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நார்வேயில் ஓர் ஆசாரி முதல்தரமான ஓக் மரத்தில் 23 மீட்டருக்கு மேல் நீளமான பாய்க்கப்பலைக் கட்டி முடித்துவிட்டு, பக்கத்துக்கு 16 என்று மொத்தம் 32 ஓட்டை போட்டார். யாரும் அவரைக் கட்டிவைத்து அடித்ததாகத் தெரியவில்லை. அந்தக் கப்பலிலேயே ஒரு பெரிய மனிதரைக் கிடத்தி, 12 குதிரைகள், நாய்கள், போதாக்குறைக்கு மயில் என்று சகல பரிவாரங்களோடும் மண்மூடிப் புதைத்தார்கள். நம் பக்கத்து மயில் அந்தக் குளிரில் போய் என்ன செய்தது என்பது முருகனுக்கே வெளிச்சம்.

கோக்ஸ்டாட் கப்பல் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். அந்த ஓட்டைகள் ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு 500, 600 வருடம் பின்னால் போக வேண்டும்.

டென்மார்க்கின் நீடாம் சதுப்பு நிலத்தில் 1863ல் எங்கெல்ஹார்ட் என்பவர் ஒரு பெரிய ஓக் படகைத் தோண்டி எடுத்தார். கட்டிய காலம் கி.பி. 320 வாக்கில். 30 பேர் தண்டு வலிக்கிற படகு. பாய்மரம் நட்ட அடையாளமே கிடையாது. கூடவே பைன் மரத்தில் ஒரு படகும் கிடைத்தது. மனிதர் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் 1864ல் போர் வந்தது. அந்தப் பகுதி டென்மார்க்கின் கையைவிட்டுப் போனது, ஓக் படகும் கூடவே போனது. இப்போதும் அது ஜெர்மனியில்தான் இருக்கிறது. பைன் படகைச் சிப்பாய்கள் பிளந்து விறகாக எரித்துவிட்டார்கள். 1,500 வருடம் சேறு பத்திரமாக வைத்திருந்த பொருளை மனிதர்கள் ஒரு குளிர்காலத்தில் முடித்தார்கள்.

கவனிக்க வேண்டியது, ரோமாபுரிக்காரர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே பாய் விரித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது. வடக்கத்தி ஆட்கள் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? பார்த்தார்கள். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் துடுப்பையே பிடித்தார்கள். ஏழாம், எட்டாம் நூற்றாண்டு வரை பாய் அங்கே காலூன்றவில்லை. இதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். படகில் 30 பேர் போவதே சண்டைக்கு. எப்படியும் ஏறப்போகிறவனைச் சும்மா உட்காரவைப்பானேன், வலிக்கட்டுமே! இன்னொன்று, பாய் என்பது அங்கே கம்பளி. ஆட்டை வளர்த்து, மயிர் கத்தரித்து, நூல் நூற்று, நெய்து, கொழுப்புப் பூசி ஒரு பெரிய பாயைத் தயார்செய்வதற்குக் கப்பலைக் கட்டுவதைவிட அதிக உழைப்புப் பிடித்திருக்கும் என்கிறார்கள், பழைய முறையில் நெய்து பார்த்தவர்கள். இதில் கணிசமான பங்கு வீட்டுப் பெண்களின் தலையில். வீரதீரக் கதைகளில் அவர்கள் பெயர் வராது. அது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

ஒருவழியாகப் பாய் வந்தது. அதோடு தலைவலியும் வந்தது. இனி வரும் உரையாடலுக்குச் சாசன ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இது நடக்காமல் இருந்திருக்க வழியே இல்லை.

“ஆசாரி, பாய் கட்டினீங்க, சரி. காத்தடிச்சா படகு ஒருபக்கமா சாயுது. விளிம்பு தாண்டித் தண்ணி உள்ளே வருது.”

“பக்கப் பலகையை ரெண்டு வரி உசத்திடலாம் ஐயா.”

அடுத்த மாதம்.

“உசத்தினீங்க, தண்ணி வரல. இப்பக் காத்து செத்துப்போச்சு. துடுப்பு போட்டா தண்ணிக்கே எட்டலையே!”

“துடுப்பை நீளமாக்கிடலாம்.”

“உங்க மச்சானைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லுங்க. செங்குத்தாக் குத்திக்கிட்டு நிக்குது, கஞ்சிப் பானையைக் கிண்டற மாதிரி.”

ஆசாரி கொஞ்ச நேரம் தாடியைச் சொறிகிறார்.

“அப்ப ஓட்டைதான் போடணும் ஐயா.”

விஷயம் இவ்வளவுதான். துடுப்பு படுத்தவாக்கில் நீரைத் தொட்டால்தான் இழுக்கிற பலம் படகை முன்னே தள்ளும். செங்குத்தாக இறங்கினால் பாதி பலம் நீரைக் கிளறுவதிலேயே போய்விடும். ஆனால் பாய் கட்டிய படகு சாயும், சாய்ந்தால் உயரமான பக்கம் வேண்டும். பாய் உயரம் கேட்கிறது, துடுப்பு தாழ்வு கேட்கிறது. இரண்டு மருமகள்களுக்கும் ஒரே வீட்டில் இடம் கொடுக்க, சுவரின் நடுவில் ஓட்டை போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

முதலில் இதை அரைகுறையாகச் செய்தார்கள். 820 வாக்கில் கட்டிய ஓசபர்க் கப்பலில் பக்கத்துக்கு 15 ஓட்டைகள் உண்டு, மூடி கிடையாது. துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு பாயை விரித்தால், கப்பல் நன்றாகச் சாய்கிற நாளில் அலை அந்த வழியாகவே வந்து நலம் விசாரித்திருக்கும். இந்தக் கப்பலின் நகல் ஒன்றை 1980களில் கட்டிக் கடலில் ஓட்டினார்கள். மூழ்கியது. பாவம், அதற்கு ஓட்டைகள் பொறுப்பல்ல. புதைகுழியில் நொறுங்கிக் கிடந்த கப்பலின் முன்பாகத்தை நூறு வருடம் முன்னால் ஒட்டவைத்தபோதே வடிவம் தப்பிப் போயிருக்கிறது. நகல் எடுத்தவர்கள் தப்பையும் சேர்த்து நகல் எடுத்துவிட்டார்கள்.

கோக்ஸ்டாட் ஆசாரி வேறு ரகம். அந்தக் கப்பலுக்குப் பக்கத்துக்கு 16 வரிசைப் பலகை. ஓட்டை 14ஆவது வரிசையில். அதற்கு மேலேயும் இரண்டு வரிசை தடுப்பாக நிற்கிறது. ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்பக்கம் ஒரு மர மூடி. துடுப்பை உருவியதும் மூடியைச் சுழற்றி அடைத்துவிடலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. துடுப்பின் அலகு அகலம், ஓட்டையோ கைப்பிடித் தண்டின் பருமனுக்குத்தான். அலகு எப்படி வெளியே போகும்? ஓட்டையைப் பெரிதாக்கினால் தண்ணீர் வரும், தண்டும் ஆடும். வெளியிலிருந்து நுழைப்பதென்றால் ஒருவன் விளிம்பில் தொங்க வேண்டும், அவனைத் தேட இன்னொருவன் குதிக்க வேண்டும். ஆசாரி வட்டமான ஓட்டையின் ஓரத்தில் சாய்வாக ஒரு கீற்று வெட்டினார். அலகைத் திருப்பி அந்தக் கீற்றோடு ஒட்டி உள்ளிருந்தே வெளியே தள்ளலாம். பிறகு தண்டு வட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். சாவித்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டாம். கப்பலின் இரு முனைகளும் மேலெழுந்து வளைவதால் அங்கே நீர் தள்ளிப்போகும். அதனால் துடுப்புகளையும் ஒரே அளவில் செய்யவில்லை, 5.3 மீட்டரிலிருந்து 5.8 மீட்டர் வரை இடத்துக்குத் தக்க நீளம். காற்று நின்றால் பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்கவைக்க நடுவில் மூன்று தாங்கிகளும் உண்டு.

இவ்வளவு யோசித்த மனிதர் ஒன்றை மட்டும் மறந்தார், அல்லது வேண்டுமென்றே விட்டார். உட்கார இருக்கை இல்லை. வலிக்கிறவர்கள் தங்கள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். கொள்ளையடித்ததும் பெட்டியில், பெட்டிமேல் கொள்ளைக்காரன். திருடு போகாது.

சினிமாவில் காட்டுவதுபோல முரசு அடித்து, சவுக்கால் விளாசி அடிமைகளை வலிக்கவைக்கிற கதை இங்கே ஒட்டாது. பெரும்பாலும் சண்டைக்குப் போகிறவனே வலித்தான். ராத்திரி முழுக்க 5 மீட்டர் கம்பை இழுத்துவிட்டு, விடிந்ததும் மடாலயத்தின் கதவை உடைக்க அவனுக்கு எப்படித் தெம்பு இருந்தது என்பதுதான் என் சந்தேகம். உள்ளே இருந்த துறவிகளுக்கும் அதே சந்தேகம் வந்திருக்கும், கேட்க நேரம் இருந்திருக்காது.

அதே புதைகுழியில் மூன்று சிறு படகுகளும் கிடைத்தன. ஆகச் சின்னது ஆறரை மீட்டர், இரண்டு ஜோடித் துடுப்பு. பக்கம் தாழ்ந்த சிறுபடகுக்கு ஓட்டை அவசியமில்லை. விளிம்பின்மேல் கொக்கிபோல வளைந்த ஒரு மரத்துண்டு, அதில் ஒரு வளையம், வளையத்துக்குள் துடுப்பு, தீர்ந்தது. இழுக்கும்போது மரம் தாங்கும், பின்னுக்குத் தள்ளும்போது வளையம் பிடிக்கும். மேற்கு நார்வேப் படகுகளில் இன்னும் இதே ஏற்பாடுதான். ஆயிரம் வருடத்தில் யாருக்கும் அதைத் திருத்தத் தோன்றவில்லை.

இந்தக் கப்பல் வெளியே வந்த கதையும் சொல்ல வேண்டும். 1880ல் கோக்ஸ்டாட் பண்ணைக்காரரின் பிள்ளைகள் பொழுதுபோகாமல் மேட்டைத் தோண்ட ஆரம்பித்தார்கள். செய்தி கேட்டு நிக்கோலாய்சன் என்ற தொல்பொருள் அறிஞர் பதறிக்கொண்டு வந்து, தம்பிகளை நிறுத்திவிட்டு முறைப்படி தோண்டினார். அவர்களுக்கு முன்பே பழங்காலத்துத் திருடர்கள் வந்து போயிருந்தார்கள். கப்பலின் பக்கத்தை வெட்டி ஒரு பெரிய வழி செய்திருந்தார்கள். ஆசாரி போட்ட 32க்கும் மூடி இருந்தது, இதற்கு இல்லை.

வியாபாரிகள் இந்தத் துடுப்பு ஆடம்பரத்துக்கெல்லாம் மயங்கவில்லை. டென்மார்க்கின் ரோஸ்கில்டே அருகே 1962ல் எடுத்த ஐந்து கப்பல்களில் சரக்குக் கப்பல்களும் உண்டு. அவற்றில் துடுப்புக்கு இடம் சொற்பம், அதுவும் முன்னும் பின்னும்தான். நடுவில் சரக்கு. ஒவ்வொரு துடுப்புக்கும் ஒரு வாய், ஒவ்வொரு வாய்க்கும் மூன்று வேளை என்று செட்டியார்க் கணக்குப் போட்டிருக்கிறார்கள். காற்று வரும்வரை காத்திருக்கப் பைசா செலவில்லை.

அதே ஐந்தில் ஒரு நீளமான போர்க்கப்பலும் இருந்தது, 1042ல் டப்ளினில் கட்டியது. அதன் நகலைக் கட்டி 2007ல் டென்மார்க்கிலிருந்து டப்ளினுக்கே ஓட்டிப் போனார்கள். 60 துடுப்பு, 60 பேருக்கு மேல் ஆள். வடகடலின் நடுவில் காற்று நின்றது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தொழில்நுட்பத்தை அணு அணுவாகப் பரிசோதிக்க வந்தவர்கள், நனைந்து நடுங்கியபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, கூடவே வந்த இன்ஜின் கப்பலுக்குக் கயிற்றை வீசிக் கட்டி இழுக்கச் சொன்னார்கள்.