வாழ்க, இலவச வரைபட வள்ளல்கள்!

கட்டுமாவடி மீன் ஏலத்தில் ஒரு கூடை இறால் கைமாறுகிற வேகம் மனிதருக்கு நல்லதில்லை. படகுக்காரர் கூடையை இறக்கி முடிக்கவில்லை, ஏலக்காரர் விலை கூவத் தொடங்கிவிடுகிறார். வியாபாரி தலையை லேசாக ஆட்டுகிறார். மூணு தரம் சொன்னதும் கூடை ஐஸ் பெட்டிக்குப் போய்விடுகிறது. நின்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. இதே ஏலத்தை ஓப்பன் சோர்ஸ் மாடலிங் மென்பொருள் ஒன்றில் சீக்வென்ஸ் டயகிராமாக வரைந்து பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நிதானமாகக் கழிக்கலாம். அந்த நிதானத்தைக் காசு வாங்காமல் அருளியவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவன்.

படம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பேசிக்கொள்பவர்கள் மேலே வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் காலடியிலிருந்தும் ஒரு புள்ளிக்கோடு கீழே இறங்கும். யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை அம்புக்குறி சொல்லும். மேலே இருப்பது முதலில் நடந்தது, கீழே இருப்பது பிறகு நடந்தது. தொலைபேசித் துறையில் இப்படி வரைவது பழைய வழக்கம். எரிக்சனில் வேலை பார்த்த ஈவார் யாக்கோப்சன் போன்றவர்கள் மூலம் அது யு.எம்.எல். என்ற மாடலிங் மொழிக்குள் வந்தது. 1997 நவம்பரில் ஓ.எம்.ஜி. என்ற தர நிர்ணய அமைப்பு யு.எம்.எல்.லைத் தரமாக ஏற்றுக்கொண்டது. காகிதமும் பென்சிலும் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை வரைந்துவிடும். அவ்வளவு சுலபமான ஒன்றைப் பொறியியல் பட்டதாரிகளின் தகுதிக்கு உயர்த்தியதுதான் இந்த மென்பொருள்களின் முதல் சாதனை.

தங்கச்சி மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அப்போது இந்தப் படங்களுக்கென்றே ஒரு லேப் இருந்தது. பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், ஸ்டாக் மெயின்டனன்ஸ் என்று தலைப்புகள் வழிவழியாக வரும், சீனியர் ரெக்கார்டும் கூடவே வரும். நான்தான் சும்மா இருக்காமல், “நம்ம ஊர் ஏலத்தைப் போடும்மா, வைவாவில் எக்ஸ்டெர்னல் அசந்துபோவார்” என்றேன். பெயர் வேண்டாம், ஒரு மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றி உட்கார்ந்தோம். படகுக்காரர், ஏலக்காரர், வியாபாரி, லாரிக்காரர் நால்வரும் திரையில் வந்து நின்றார்கள். அம்புகளும் ஒருவழியாக விழுந்தன.

“மாமா, ஐஸ் போடவே இல்லையே” என்றாள்.

வாஸ்தவம். ஏலம் முடிவதற்கும் லாரியில் ஏற்றுவதற்கும் நடுவில் ஐஸ் வர வேண்டும், இல்லாவிட்டால் படத்திலேயே மீன் நாறிவிடும். நடுவில் ஓர் அம்பைச் செருகினால் கீழே இருப்பவை தாமாக இறங்கி இடம் விடும் என்றுதான் சாதாரண மூளை நினைக்கும். இந்த மென்பொருளுக்கு அப்படிப்பட்ட அடிமைப் புத்தி கிடையாது. கீழே இருந்த ஒவ்வோர் அம்பையும் நாமே பிடித்து இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது லாரிக்காரரின் கோட்டில் ஒட்டியிருந்த ஓர் அம்பு கழன்று வெற்று வெளியைப் பார்த்து நின்றது. பக்கத்தில் இருந்ததைத் தொட்டோம், ஏலக்காரரே பெயர்ந்து வியாபாரியின் மேல் ஏறிக்கொண்டார். விலை படிந்தால் ஒன்று, படியாவிட்டால் வேறொன்று என்று காட்டப் போட்டிருந்த சட்டத்தை நகர்த்தினால் சட்டம் மட்டும் போனது, பேரம் பழைய இடத்திலேயே நின்றது. கொள்கைப் பிடிப்பு என்றால் இதுவல்லவா!

அழிப்பதிலும் தத்துவம் உண்டு. இவ்வகை மென்பொருள்களில் படத்திலிருந்து நீக்குவது ஒன்று, மாடலிலிருந்து அழிப்பது வேறு. முதலாவதைச் செய்தால் ஆள் கண்ணுக்கு மறைவார், ஆனால் உள்ளே எங்கோ உயிரோடு இருப்பார். இரண்டாவதைச் செய்தால் அவரோடு அவர் பேசிய பேச்சும் போய்விடும். நாங்கள் எதைச் செய்தோம் என்பது படகுக்காரர் காணாமல் போன பிறகுதான் தெரிந்தது. மென்பொருளை எழுதியவர்கள் சம்பளம் வாங்காமல் செய்த வேலை என்பதால் குறை சொல்ல வாய் வரவில்லை. அந்த வாய்ப்பூட்டும் இலவசம்தான்.

ஒரு கருவியில் முடியாததை இன்னொன்றில் முடிக்கலாமே என்பீர்கள். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். எக்ஸ்.எம்.ஐ. என்ற பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது. அதில் மாடல் பத்திரமாகப் போய்ச் சேரும், படத்தின் அமைப்பு பெரும்பாலும் போகாது. ஏலக்காரர் உண்டு, வியாபாரி உண்டு, யார் எங்கே நின்றார் என்பது மட்டும் இல்லை. புதிய இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரையும் பாக்கியம் நமக்குக் கிடைக்கிறது.

இவ்வகை மென்பொருள்களில் ஒன்றான ஆர்கோ யு.எம்.எல்.லைப் போற்றாமல் இந்தப் புகழுரை நிறைவு பெறாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் ஜேசன் ராபின்ஸ் செய்த முனைவர் பட்ட ஆய்வில் விளைந்தது அது. வடிவமைப்பவரின் மூளைக்குக் கருவி எப்படித் துணை நிற்கலாம் என்பதே ஆய்வு. விளைவாக, நாம் வரைய வரையப் பின்னணியில் விமர்சகர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். கிளாஸ் பெயர் சின்ன எழுத்தில் தொடங்குகிறது, இதற்கு இன்னும் நல்ல பெயர் வை என்று குறைகளைப் பட்டியல் போட்டு, எது அவசரம் எது அவசரமில்லை என்றும் தரம் பிரித்துக் கொடுப்பார்கள். நம் தவற்றை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த கருவி, அந்தத் தவற்றைத் திரும்பப் பெறும் அன்டூ வசதியைச் சேர்க்க ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டது. செய்ததை மாற்ற முடியாது என்று தெரிந்தால் மனிதன் பொறுப்போடு நடப்பான் என்ற நல்லெண்ணமாக இருக்க வேண்டும்.

இப்படிப் பண்பட்டுவந்த சமுதாயத்தைக் கெடுத்தவர்களும் உண்டு. 2009-இல் அர்னோ ரோக் என்ற பிரெஞ்சுக்காரர் பிளான்ட் யு.எம்.எல். என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், வெட்கம்! அதில் மவுஸுக்கு வேலையே இல்லை. ஏலக்காரர், ஓர் அம்பு, வியாபாரி, சொன்ன வார்த்தை என்று ஒரு வரி தட்டினால் படத்தை அதுவே வரைந்துவிடும். நடுவில் ஐஸ் வேண்டுமா, நடுவில் ஒரு வரி. கீழே இருப்பதெல்லாம் ஒழுக்கமாக இறங்கிக்கொள்ளும். 2014-இல் ஸ்வீடனிலிருந்து அதே வகையைச் சேர்ந்த மெர்மெய்ட் வந்து மிச்சமிருந்த பொறுமையையும் ஒழித்தது. தங்கச்சி மகள் கடைசியில் இந்தச் சோம்பேறிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். டீ ஆறுவதற்குள் ஏலம் முடிந்தது, ஐஸும் விழுந்தது.

கல்வித் துறை அப்படி லேசில் கெட்டுப்போகிறதா? ஆர்கோ யு.எம்.எல்.லின் கடைசி நிலையான பதிப்பான 0.34 வெளிவந்தது 2011 டிசம்பரில். அதற்குப் பிறகு வந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013-ஆம் ஆண்டு விதிமுறைப் பாடத்திட்டத்திலும், இந்தப் படங்களுக்கான லேபுக்குப் பரிந்துரைத்த கருவிகளின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது.