அரிசோனாவும் அப்பர் பெர்த்தும்

செம்பூர் மாமா மகனைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தார். அன்றிலிருந்து மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போதும் கிராண்ட் கேன்யன் புராணம்தான்: 446 கிலோமீட்டர் நீளமாம், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழமாம், ஹெலிகாப்டர் சவாரியாம். (சவாரிக்குக் கொடுத்த காசை மட்டும் மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.)

அதுபோல ஒன்றைப் பார்க்க அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை; ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் கண்டிக்கோட்டை என்று ஒன்று இருக்கிறது. வட பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்து உண்டாக்கிய செம்பாறைப் பள்ளத்தாக்கு. விளிம்பிலேயே கோட்டை, மாதவராயர் கோயில், மசூதி, பெரிய தானியக் கிடங்கு. கூடாரம் அடித்துத் தங்கி, விடியலில் பாறைமேல் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கலாம். மும்பை–சென்னை ரயில் பாதையில் வரும் முத்தனூருவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். கோடை விடுமுறைதோறும் மாமா அந்தப் பாதையில்தான் ஊருக்குப் போனார். எலுமிச்சை சாதத்தை முடித்துவிட்டு, அப்பர் பெர்த்தில் குறட்டையோடு.

போகிறவர்கள் டிசம்பரில் போங்கள். விசா கேட்கமாட்டார்கள், திரும்பி வந்து கதை சொன்னால் மாமாவும் கேட்கமாட்டார்.