அபாயச்சங்கு அண்ணாச்சி

எல்லா ஊரிலும் இவர் உண்டு. பெயரும் தொழிலும் மாறும், படபடப்பு மாறாது. நான் சொல்லப்போவது பாளையங்கோட்டைப் பதிப்பு. பாத்திரக்கடை வைத்திருப்பவர், வயது ஐம்பதுக்கு மேல், தெருவுக்கே அண்ணாச்சி. முதுகுக்குப் பின்னால் அபாயச்சங்கு. இந்தப் பட்டத்தைச் சூட்டியது அவருடைய மனைவிதான் என்று தெருவில் ஒரு பேச்சு. மதினி இதுவரை மறுக்கவில்லை.

அண்ணாச்சியை அடையாளம் காண்பது சுலபம். உச்சிவெயிலில் டார்ச்லைட்டோடு பஸ்ஸுக்கு நிற்பவர் அவர்தான். சட்டைப் பையில் ஆதார் நகல் மூன்று இருக்கும். ஒன்று தொலைந்தால் இன்னொன்று. இரண்டும் தொலைந்து, எங்காவது விழுந்து கிடந்தால் யார் எவர் என்று தெரிய வேண்டுமே, அதற்கு மூன்றாவது. பஸ் வந்து நின்றால் ஏறமாட்டார். காஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினோமா என்று அப்போதுதான் சந்தேகம் வரும். மூடித்தான் இருப்பார். வீட்டுக்குத் திரும்பிவந்து அதைத் திறந்து, மறுபடி மூடிவிட்டு, இப்போது மூடியது சரியாக மூடியதுதானா என்ற புதுச் சந்தேகத்தோடு அடுத்த பஸ்ஸுக்குப் போவார்.

பெரிய கவலை, சின்னக் கவலை என்ற பேதம் அவரிடம் கிடையாது. பால் திரிந்தாலும் பங்காளி வழக்குப் போட்டாலும் ஒரே அளவு "ஐயையோ"தான்.

ஒரு மே மாதக் கடைசியில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: உங்கள் கணக்கில் 20 ரூபாய் கழிக்கப்பட்டது. நாமாக இருந்தால் ஏதோ கட்டணம் என்று விட்டிருப்போம். அண்ணாச்சிக்கு அந்த 20 ரூபாய் வெறும் முன்னோட்டம். "மொதல்ல இருவது எடுத்துப் பாப்பாம்லா. நாம சத்தங்காட்டலேன்னா ராத்திரியோட ராத்திரியா மொத்தத்தையும் வழிச்சிருவான்." சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணுக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கும்வரை பொறுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வங்கிக்கே ஓடினார். போகிற வழியிலேயே கடை ஏலம் போய், மகள் கல்யாணம் நின்று, தண்ணீர் ஏறாத வாடகை வீட்டு மாடியில் குடியிருக்கத் தொடங்கிவிட்டார். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துச் சொன்னார்: "சார், இது சுரக்‌ஷா பீமா, விபத்துக் காப்பீடு. வருஷா வருஷம் பிடிக்கிறதுதான். போன வருஷமும் இதுக்குத்தான் வந்தீங்க."

விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கட்டும் என்று அவரே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த திட்டம் அது. ஆபத்துக்குப் பயந்து எடுத்த காப்பீடே ஆபத்தாக வந்து நிற்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

ரத்தப் பரிசோதனை தனிக் காண்டம். ரிப்போர்ட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்துவிட்டால் போதும், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கடைச்சாவியை மகளிடம் கொடுத்துவிடுவார். அந்தத் தடித்த எழுத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலான பரிசோதனைகளுக்கு 'இயல்பான அளவு' என்று அச்சிடுவது, ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேருக்கு அமையும் அளவைத்தான். மீதி 5 பேர் நோயில்லாமலே வரம்புக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்தால், கல்லுக்குண்டுபோல் இருக்கும் ஆளுக்கும் ஏதாவது ஒன்றாவது வரம்பு தாண்ட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. இதை டாக்டர் பொறுமையாக விளக்கினார். அண்ணாச்சி கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப எல்லாமே நார்மலா வந்தவனுக்குத்தான் ஏதோ கோளாறுங்கிய?" என்றார்.

அவரிடம் புத்தி சொல்லிப் பயனில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் சொல்லியிருப்பதை எடுத்துப் போடுவார். 'இடுக்கண் அழியாமை' அதிகாரம் உள்ள பக்கம் மட்டும் அவர் புத்தகத்தில் ஏனோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இவரைக் கோழை என்று யாரும் எழுதிவிட முடியாது. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது இந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. தெருவே அலறிக்கொண்டிருக்கையில் அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கீழ்த்தட்டுச் சரக்கை மாடிக்கு ஏற்றினார். புது அண்டாக்களையும் குண்டாக்களையும் நிவாரணச் சமையலுக்குக் கொடுத்தனுப்பினார். டார்ச்லைட்டுக்கும் அன்றைக்குத்தான் வேலை வந்தது. ஒரு "ஐயையோ" கேட்கவில்லை. நிஜ ஆபத்து கண்முன் நிற்கும்போது கற்பனைக்கு அங்கே வேலை இல்லை என்று நினைக்கிறேன். தண்ணீர் வடிந்த மறுவாரம், அண்டாக்களோடு போன ஒரு கரண்டி திரும்பவில்லை என்று மூன்று தெருவுக்கும் கேட்க ஊதினார்.

மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. சலசலப்பு கேட்டதும், காற்றா பாம்பா என்று யோசிக்கும் பகுதி விசாரணையை முடிக்குமுன் அது மணியடித்துவிடும். காட்டில் அது உயிரைக் காத்தது. பாத்திரக்கடையில் அது வியாபாரத்தைக் கெடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒருநாள் அவருக்கு அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸின் கதையைச் சொன்னேன். 19 வயதில் பெண்களிடம் பேசவே நடுங்கிய எல்லிஸ், நியூயார்க்கில் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரு மாதம் தினமும் போய், பெஞ்சில் தனியாக இருந்த பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். 130 பேரில் 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேரிடம் பேசினார். ஒரே ஒரு பெண் மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டார், அவரும் வரவில்லை. ஆனால் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை, வானமும் இடிந்து விழவில்லை. பயம் போயிற்று. நடப்பதைவிட, நடப்பதைப் பற்றி நமக்கு நாமே சொல்லிக்கொள்வதுதான் நம்மை வதைக்கிறது என்று பிற்பாடு ஒரு சிகிச்சை முறையையே எல்லிஸ் வகுத்தார். அண்ணாச்சி முகம் வெளிறிக் கேட்டார்: "அதுல ஒருத்தியோட அண்ணன்மாரு வந்திருந்தா?"

எல்லிஸ் தோற்ற இடத்தில் மதினி ஜெயித்தார். சென்ற மாதம் மகன் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பினான். விடிந்ததும் அண்ணாச்சி போன் போட்டார், எடுக்கவில்லை.

"ஏ பிள்ள, போன எடுக்க மாட்டேங்கான்."

"தூங்குவான்."

"தூங்குதவன் பையக் களவாண்டிருப்பாம்லா! சர்டிபிகேட்டு பூரா அதுலதான் இருக்கு."

"பொறவு?"

"சர்டிபிகேட்டு இல்லாம எவன் சேத்துக்கிடுவான்? வேலை போச்சு."

"பொறவு?"

"ரூம்பு வாடகைக்கு எங்க போவான்? காலி பண்ணச் சொல்லிருவாங்க."

"பொறவு?"

"பொறவென்ன, பொட்டியத் தூக்கிட்டு இங்கதான் வரணும்."

"வந்து?"

"வந்து நம்ம கடையில உக்காருவான்."

மதினி தோசையைத் திருப்பிப் போட்டார். "அதத்தான மூணு வருசமாப் பிள்ளையார்ட்ட கேட்டுக்கிட்டு இருக்கிய?"

அண்ணாச்சிக்கு வாயடைத்துவிட்டது. உலகம் அழிந்து முடிகிற இடத்தில் தன் வேண்டுதல் பலித்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எட்டு மணிக்குப் பையன் கூப்பிட்டான், போன் சைலண்டில் இருந்ததாம். பேசும்போது அண்ணாச்சி குரலில் லேசான ஏமாற்றம் தெரிந்தது என்கிறார் மதினி.

"டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி யாருக்காவது டென்ஷன் குறைந்து நான் பார்த்ததில்லை. "பொறவு?" வேலை செய்கிறது. மனநலச் சிகிச்சையிலும் ஏறக்குறைய இதையே கேட்கிறார்கள்: அப்படியே நடந்தாலும் அடுத்தது என்ன? அங்கே கட்டணம் உண்டு. மதினிக்குத் தோசை ஆறாமல் இருந்தால் போதும்.

அண்ணாச்சி திருந்திவிட்டாரா என்றால், கால்வாசி. இப்போதெல்லாம் "ஐயையோ"வுக்கும் போனுக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கிறார். டீ முடிவதற்குள் பாதிப் பேரழிவுகள் தாமாகவே கலைந்துவிடுகின்றன. மிச்சத்துக்கு இன்னொரு டீ. ரெண்டாவது டீயால் சர்க்கரை ஏறுமே என்று சமீபத்தில் ஆரம்பித்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஓர் அபாயச்சங்கு இருக்கக்கூடும். அந்த 20 ரூபாயை ஒவ்வொரு வருஷமும் மே மாதக் கடைசியை ஒட்டித்தான் பிடிக்கிறார்கள். காலண்டரில் இப்போதே சிவப்பு மையால் எழுதி வைத்துவிடுங்கள்.