வியர்ப்பதற்கு விசா

ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் பிரீட்ரிக்ஸ்பாட் என்ற குளியல் மாளிகை 1877-இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு குளியலுக்கு 17 கட்டங்கள்: வெப்பக் காற்று, சோப்புத் தேய்ப்பு, நீராவி, வெந்நீர், குளிர்நீர், கடைசியில் போர்வைக்குள் ஓய்வு. உடம்பில் துணி கூடாது. பணப்பை கனமாக இருக்கலாம்.

மலேசியாவின் நிபோங் திபால்காரருக்கு இதில் என்ன புதுமை? வெப்பக் காற்றும் நீராவியும் இங்கே காலை பத்து மணிக்கே தெருவில் இலவசம். சந்தைக்குப் போய் மீன் வாங்கித் திரும்பினால் பாதிக் கட்டங்கள் முடிந்துவிடும். ஐரோப்பியச் சொகுசு விடுதிகளில் நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடத் தனிக் கட்டணம். தீபாவளி விடியலில் பாட்டிமார் அதைக் காசில்லாமல் செய்கிறார்கள், கண்ணெரிச்சல் உட்பட. விடுதியில் மௌனம் காக்கச் சொல்வார்கள். பாட்டியிடம் அது தானாகவே வந்துவிடும், அவர் நம்மைப் பேசவிட்டால்தானே!

இந்த வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் சஞ்சிக்கூலிகளாக, அதாவது ஒப்பந்தத் தொழிலாளர்களாக, வந்த தமிழர்கள் நாளெல்லாம் வியர்த்தார்கள். அதற்கு வெள்ளைக்காரத் துரை அற்பக் கூலியாவது கொடுத்தார். பேரப்பிள்ளைகளோ வியர்ப்பதற்கு யூரோவில் பணம் கட்டுகிறார்கள். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வியர்ப்பது மட்டுமே நோக்கமென்றால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் வீட்டு மின்விசிறியை ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள்.